எழுதுகோல் உயர்த்தப்பட்டவர்

அரபு மதரஸாவில் ஓதத் தொடங்கும் மாணவன் ஃபிக்ஹு நூலின் முதல் ஏடுகளிலேயே ஒரு நிபந்தனையைச் சந்திக்கிறான். தொழுகை யார்மீது கடமை, நோன்பு யார்மீது கடமை, ஹஜ்ஜு யார்மீது கடமை என்று விதி கூறப்படும் இடங்களிலெல்லாம் 'பருவமடைந்தவராகவும் அறிவுடையவராகவும் இருத்தல் வேண்டும்' என்பது தவறாமல் வந்து நிற்கும். உறங்குபவர் விழிக்கும்வரை, சிறுவர் பருவமடையும்வரை, பித்துற்றவர் தெளியும்வரை இம்மூவரிடமிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்னும் கருத்துடைய நபிமொழியே இதற்கு ஆதாரம். மாணவன் அதை மனனம் செய்துகொண்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறான். உறங்கியவர் விழித்துத் தொழுகைப் பாடத்திற்கு வந்து சேர்கிறார். சிறுவர் வளர்ந்து நோன்புப் பாடத்திற்கு வந்து சேர்கிறார். பித்துற்றவர் மட்டும் வரவில்லை.

அவர் எங்கே போனார் என்று பாடநூல் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்தாம். அவர்மீது கடமையில்லை என்பதால் அவர் பொருட்டு நமக்குள்ள கடமையும் இல்லாமற் போயிற்றா? அவருடைய ஏட்டிலிருந்து எடுக்கப்பட்ட எழுதுகோல் உலர்ந்து கிடக்கிறதா, அன்றி வேறொருவர் ஏட்டில் எழுதிக்கொண்டிருக்கிறதா? இக்கேள்வியை வெறும் ஏட்டுக் கேள்வியாக வைத்துக்கொள்ளாமல், முஸ்லிம்கள் கட்டி எழுப்பி, பல நூற்றாண்டுகள் நடத்தி, பின்னர்க் கைவிட்டுச் சென்ற ஒரு மருத்துவமனையின் வரலாற்றோடு சேர்த்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

துருக்கியின் வடமேற்குக் கோடியில், கிரேக்க, பல்கேரிய எல்லைகளுக்கு மிக அருகில், எடிர்னே என்னும் பழம்பதி உள்ளது. 1453ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிள் வெற்றிகொள்ளப்படும் வரையில் உதுமானியரின் தலைநகரமாக விளங்கிய ஊர் அது. அவ்வூரின் புறத்தே ஓடும் துன்ஜா ஆற்றின் கரையில், சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1484ஆம் ஆண்டில் ஓர் அறநிலையத் தொகுதிக்கு அடிக்கல் நாட்டினார். 1488ஆம் ஆண்டில் வேலை நிறைவுற்றது. பள்ளிவாசல், வழிப்போக்கர் தங்கும் விடுதி, ஏழைகளுக்கு உணவு சமைக்கும் மடைப்பள்ளி, ரொட்டி சுடும் கூடம், மருத்துவம் பயிற்றும் மதரஸா, இவற்றோடு நோயாளர்க்கான 'தாருஷ்ஷிஃபா'. குணமளிக்கும் இல்லம் என்பது அப்பெயரின் பொருள். 'பீமார்' என்னும் பாரசீகச் சொல்லை நம்மவரிற் பலர் அறிவர்; அச்சொல்லிலிருந்தே 'பீமாரிஸ்தான்' என்று மருத்துவமனைக்குப் பெயர் வந்தது. டமாஸ்கஸில் நூருத்தீன் 1154இலும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இலும், அலெப்போவில் ஆளுநர் அர்கூன் 1354இலும் நிறுவியவை அவ்வரிசையில் புகழ்பெற்றவை. எடிர்னேயின் இல்லம் அவற்றின் இளைய தங்கை எனலாம்.

இன்று அக்கட்டடத்துள் நுழைவோர் முதலில் ஒரு நீண்ட முற்றத்தைக் கடக்கிறார்கள். அடுத்து அதனினும் சிறிய முற்றம் ஒன்று. அதன் முடிவில், மற்றெல்லா அறைகளையும் விட்டு விலகி, அறுகோண வடிவில் ஒரு பெருங்கூடம் நிற்கிறது. நடுவே உயர்ந்த குவிமாடம்; அதன் உச்சியில் ஒளியும் காற்றும் புகுவதற்கான திறப்பு; அதற்கு நேர் கீழே நீரூற்று. கூடத்தைச் சுற்றி நோயாளரின் அறைகள் சூழ்ந்திருக்கின்றன. அறைகளுக்கு இடையே திறந்த திண்ணைகள். அவற்றுள் ஒன்று சற்றே புறம்நோக்கி நீண்டு, இசைவாணர் அமரும் மேடையாக இருக்கிறது. எந்த அறையில் கிடப்பவருக்கும் ஊற்றின் ஓசை கேட்கும். மேடையிலிருந்து எழும் குரலும் கேட்கும். ஒருசில ஊழியர் நடுவில் நின்றே எல்லா அறைகளையும் கவனித்துக்கொள்ள முடியும். கட்டடக் கலையில் நமக்குப் பயிற்சி இல்லை. ஆயினும், நோயாளியைக் கண்ணுக்கு மறைவான மூலையில் தள்ளாமல், குவிமாடத்தைச் சுற்றி மாலைபோல் அமர்த்திய அமைப்பு, கட்டியவர் உள்ளத்தில் அவருக்கு என்ன இடம் இருந்தது என்பதைக் காட்டுகிறது என்று சொல்வதற்குக் கலைப்பயிற்சி வேண்டியதில்லை.

தொடக்கத்தில் இது பல்வகை நோயாளர்க்கும் உரிய மருத்துவமனையாகவே இருந்தது. அறுவை மருத்துவரும் கண் மருத்துவரும் மருந்து கூட்டுவோரும் அங்கே ஊதியம் பெற்றுப் பணியாற்றினர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அவ்விடத்தைக் கண்ட எவ்லியா செலெபி என்னும் உலகப் பயணி, தம் பயண நூலில் அதைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். பித்துற்றோருக்கு ஆறுதலாக வாரத்தில் மூன்று நாள் பாடகரும் இசைக்கருவியாளருமாகப் பதின்மர் வந்து இசைத்தனர் என்றும், இன்ன பண் இன்ன நிலைக்கு இதமளிக்கும் என்று மருத்துவர் அறிந்திருந்தனர் என்றும் அவர் கூறுகிறார். வசந்த காலத்தில் மல்லிகையும் ரோஜாவும் பிற நறுமலர்களும் நோயாளரிடம் தரப்பட்டன. மருத்துவர் சொற்படி பறவை இறைச்சி சமைத்துக் கொடுக்கப்பட்டது. வாரத்தில் இரு நாள் ஊர் மக்களுக்கும் மருந்து இலவசமாக வழங்கப்பட்டது. எவ்லியா சற்றே கூட்டிச் சொல்லும் இயல்புடையவர் என்பது அவரைப் படித்தோர் யாவரும் அறிந்ததே. அதைக் கழித்துப் பார்த்தாலும் எஞ்சுவது சிறிதன்று. இசைக்கருவி கூடுமா கூடாதா என்னும் வாதத்தை இங்கே தொடங்க நாம் விரும்பவில்லை. அதற்கு வேறு இடமும் வேறு ஏடுகளும் உண்டு.

ஆனால் எவ்லியா செலெபி மற்றொன்றையும் எழுதியிருக்கிறார். பொன்முலாமும் வெள்ளிமுலாமும் பூசிய சங்கிலிகளால் அப்பித்தர்கள் கட்டப்பட்டிருந்தனர் என்பதே அது. நம் முன்னோரின் மருத்துவச் சிறப்பைப் பேசும் மேடைகளிலும் மீலாது மலர்களிலும் எடிர்னேயின் இசையும் மலரும் தவறாமல் இடம்பெறுகின்றன. சங்கிலியை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு வருவதில்லை. அதையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும் என்பது நம் கருத்து. அக்காலத்து மருத்துவம் அறிந்த அளவு அவ்வளவே. ஐரோப்பாவின் பித்தர் கூடங்களிலோ முலாமற்ற இரும்பே இருந்தது. ஆயினும் முலாம் பூசியவர் யாரைக் கருதிப் பூசினார்? கட்டுண்டவருக்குப் பொன்னும் ஒன்றுதான், இரும்பும் ஒன்றுதான். காண வருவோரின் கண் கூசாதிருக்கவே அந்த முலாம் என்று தோன்றுகிறது. அல்லது, கட்டியே ஆகவேண்டியிருக்கிறதே என்று கட்டியவர் உள்ளம் கூசியதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். இரண்டாவதாக இருக்கவேண்டும் என்று நாம் விரும்புகிறோம்.

இவ்வளவையும் நடத்தியது எது? வக்ஃபு. சுல்தான் தம் கருவூலத்திலிருந்து ஆண்டுதோறும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. கிராமங்களின் வருவாய், ஆலைகளின் வருவாய், குளியற்கூடங்களின் வருவாய் என்று நிலையான வரும்படிகள் இவ்வறத்திற்கென எழுதிவைக்கப்பட்டன. வக்ஃபுப் பத்திரங்களின் வாசகம் நம்மூர்ப் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் பழக்கமானதே. இந்தப் பூமிக்கும் அதன் மீதுள்ளோர்க்கும் இறைவனே வாரிசாக ஆகும் நாள்வரை இவ்வறம் நடக்கவேண்டும் என்று எழுதுவது மரபு. கியாம நாள்வரை என்பது அதன் பொருள். எழுதியவர் மெய்யாகவே அவ்வாறு எண்ணித்தான் எழுதினார்.

கியாம நாள் வரவில்லை. இல்லம் மட்டும் வெறுமையாயிற்று. அது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1826ஆம் ஆண்டில் உதுமானிய அரசு வக்ஃபுகளின் நிர்வாகத்தை மையத் துறை ஒன்றின் கீழ்க் கொணரத் தொடங்கியது. ஊரில் விளைந்த வருவாய் ஊரைவிட்டுப் பிரிந்தது. 1829இலும் மீண்டும் 1878இலும் ரஷ்யப் படை எடிர்னேயைக் கைப்பற்றியது. 1913இல் பல்கேரியர், 1920இல் கிரேக்கர். பால்கன் நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. எல்லைக்கோடு நகர்ந்து நகர்ந்து, ஒருகாலத்தில் பேரரசின் நெஞ்சாக இருந்த ஊர் நாட்டின் விளிம்பாகச் சுருங்கிவிட்டது. மருத்துவமனையும் அவ்வாறே சுருங்கிற்று. மற்ற நோயாளர்கள் புதிய மருத்துவமனைகளுக்குச் செல்ல, போக்கிடமற்ற பித்தர்களுக்கு மட்டும் உரிய இடமாக அது எஞ்சியது. மருத்துவமும் இசையும் நின்ற பிறகும் அடைத்துவைத்தல் மட்டும் சிலகாலம் நின்றபாடில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அதுவும் முடிந்தது. பின்னர் ஆற்று ஈரமும் புல்லும் பறவைகளுமே அங்கே குடியிருந்தன.

இந்த வரிசையை நாம் மனத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். முதலில் நின்றது இசை. கடைசியில் நின்றது பூட்டு. ஓர் அறம் நலியும்போது அதன் மென்மையான பகுதிகளே முதலில் உதிர்கின்றன. பள்ளிவாசலை ஒட்டி மதரஸாவும் நூலகமும் வைத்திருந்த ஊர்களில் இன்று எது எஞ்சியிருக்கிறது, எது உதிர்ந்தது என்று எண்ணிப் பார்ப்போருக்கு எடிர்னே தொலைவிலுள்ள ஊராகத் தோன்றாது.

1984ஆம் ஆண்டில் அத்தொகுதி திராக்யா பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. இடிபாடுகள் சீர்செய்யப்பட்டு, 1997இல் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2004இல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியகப் பரிசும் அதற்குக் கிடைத்தது. இப்போது அந்த அறைகளில் நோயாளரைப் போலவும் மருத்துவரைப் போலவும் உருவப் பொம்மைகள் அமர்ந்திருக்கின்றன. மேடையில் இசைவாணர் பொம்மைகளும் உண்டு. நல்ல பணி, பாராட்ட வேண்டியதே. ஆயினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பொம்மைப் பித்தர் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. இரவில் கூச்சலிடுவதில்லை, ஆடையைக் களைந்தெறிவதில்லை, பெற்ற தாயை யாரோ என்று கேட்பதில்லை. அவரைப் பார்த்து நெகிழ்வது எளிது. 'இஸ்லாம் பித்தரையும் போற்றியது' என்று பெருமிதத்தோடு வெளியே வந்துவிடலாம். அப்பெருமிதத்தின் விலை என்ன? நுழைவுச் சீட்டின் விலைதான். நம்மைப் போல் கட்டுரை எழுதிப் பெருமைப்படுவோர் கொடுக்கும் விலை அதைவிடவும் குறைவு.

இனி ஏட்டுக் கேள்விக்குத் திரும்புவோம்.

பித்தரை அரபு மொழி 'மஜ்னூன்' என்கிறது. ஜீம், நூன், நூன் என்னும் அவ்வேர்ச்சொல்லின் பொருள் மறைத்தல் என்பதாகும். கண்ணுக்கு மறைந்த படைப்பு ஜின். மரங்களால் நிலம் மறைந்த தோட்டம் ஜன்னத். கருப்பையில் மறைந்திருக்கும் சிசு ஜனீன். மறைத்துக் காக்கும் கேடயம் ஜுன்னத். அவ்வரிசையில், எவருடைய அறிவு மறைந்திருக்கிறதோ அவர் மஜ்னூன். மறைந்தது இல்லாமற் போனதன்று. மேகம் மூடிய பிறையை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. முப்பது நாட்களை நிறைவு செய்துகொண்டு காத்திருக்கிறோம்.

'அக்ல்' என்னும் சொல்லோ இன்னும் வியப்பானது. அறிவு என்று நாம் பெயர்க்கும் அச்சொல்லின் வேரில் இருப்பது கட்டுதல் என்னும் பொருள். ஒட்டகத்தின் மடக்கிய முன்காலைக் கட்டும் கயிற்றுக்கு 'இகால்' என்று பெயர். மனிதனைத் தகாதவற்றினின்று கட்டிவைப்பது எதுவோ அதுவே அக்ல் என்று மொழிநூலார் விளக்கம் தருவர். உள்ளே இருக்கும் இக்கயிறு தளர்ந்துவிட்டால், வெளியே சங்கிலி கொண்டு கட்ட மனிதர் விரைகிறார்கள். உள்கயிற்றை இறுக்கும் வழி தெரியாதபோது வெளிச்சங்கிலிதான் எளிய வழி. எடிர்னேயின் மருத்துவர்கள் இரண்டையும் ஒருங்கே செய்தார்கள். இசையாலும் மணத்தாலும் உள்கயிற்றைத் தேடினார்கள். சங்கிலியை மட்டும் வைத்துக்கொண்டு தேடலை நிறுத்தியோர் பிற்காலத்தவர்.

அறிவே மனிதனின் சிறப்பு என்று தத்துவ நூல்கள் பேசுகின்றன. அவ்வாறாயின் அறிவு மறைந்தவரிடம் எஞ்சும் சிறப்பு என்ன? திருமறை, ஆதமுடைய மக்களைக் கண்ணியப்படுத்தியதாக இறைவன் கூறுவதை எடுத்துரைக்கிறது. கண்ணியம் ஆதமின் பிள்ளை என்பதோடு இணைக்கப்பட்டிருக்கிறதே அல்லாமல், அறிவாளி என்பதோடு இணைக்கப்படவில்லை. கடமைக்கு நிபந்தனை அறிவு; கண்ணியத்திற்கு நிபந்தனை பிறப்பு மட்டுமே. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிக் குழப்பிக்கொண்டதிலிருந்தே நம் கொடுமைகள் பல பிறந்தன.

சட்டநூலார் இதனைக் குழப்பிக்கொள்ளவில்லை. பித்தரின் சொத்து அவருடையதே. அதைக் காப்பவர் வலீ. அவர் அதைத் தம் பொருளாக்கிக்கொள்ள முடியாது. பித்தர் பிறருடைய பொருளைச் சேதப்படுத்தினால் அவருடைய சொத்திலிருந்து ஈடு தரப்படும். அவர் குற்றவாளி ஆவதில்லை. ஜக்காத்தில் இரு பெரும் மத்ஹபுகளும் வேறுபடுகின்றன. நம் கடற்கரையூர்களில் வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, பித்தரின் செல்வத்திலும் ஜக்காத்து உண்டு. வலீ அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். உள்நாட்டூர்களில் பெரிதும் வழங்கும் ஹனஃபி மத்ஹபின்படி இல்லை; ஜக்காத்து ஒரு வணக்கம், வணக்கத்திற்கு நிய்யத்து வேண்டும் என்பது அவர்களின் வாதம். ஷாஃபிஈ சட்டநூலாரோ, அது ஏழைகளின் உரிமை, செல்வம் யாரிடம் இருந்தாலும் அவ்வுரிமை அதில் இருக்கிறது என்கின்றனர். இவ்வாதத்தில் எது வலியது என்று தீர்ப்புக்கூற இங்கே இடமில்லை. ஒன்றைமட்டும் கவனிக்கிறோம். ஷாஃபிஈ சட்டத்தில் பித்துற்றவர் கொடுப்போர் வரிசையிலும் நிற்கிறார். தம் பெயரையே மறந்தவர், ஊரின் ஏழைக்குத் தம் கணக்கிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்!

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மற்றொரு கருத்தும் நினைவுக்கு வருகிறது. அது பித்தரைப் பற்றியதன்று. அறிவிருந்தும் ஊதாரியாகப் பொருளை அழிக்கும் வயதுவந்தவரைப் பற்றியது. அத்தகையோரின் உரிமையைப் பறித்து, அவர் செய்யும் கொடுக்கல் வாங்கல் செல்லாது என்று தடைவிதிக்கலாம் என்பது ஏனைய இமாம்களின் முடிவு. இமாம் அபூ ஹனீஃபா அதற்கு இணங்கவில்லை. ஒருவருடைய பேச்சைச் செல்லாததாக்குவது அவருடைய மனிதத் தன்மையையே வீணாக்கி, அவரை விலங்குகளோடு சேர்ப்பதாகும். அது பொருள் அழிவதினும் பெருங்கேடு என்பது அவர்தம் வாதமாக ஹனஃபி நூல்களில் பதிந்திருக்கிறது. ஊதாரிக்காகவே இவ்வளவு தயங்கிய சிந்தனை, நோயாளியின் காலில் பூட்டுப்போடும் கையைப் பார்த்து என்ன சொல்லும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

திருமறையின் நான்காம் அத்தியாயத் தொடக்கத்தில், அறிவு குறைந்தோரிடம் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்று கட்டளை வருகிறது. அதோடு அது முடிந்துவிடுவதில்லை. அச்செல்வத்தில் அவர்களுக்கு உணவளிக்கவும் உடுத்தவும் வேண்டும், அவர்களிடம் நல்ல சொல் பேசவும் வேண்டும் என்று தொடர்கிறது. 'செல்வத்திலிருந்து' என்னாமல் 'செல்வத்தில்' என்று சொல் அமைந்திருப்பதை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டி, முதலைக் கரைக்காமல் அதைப் பெருக்கி அதன் இலாபத்திலிருந்து செலவிட வேண்டும் என்பதற்கு அது குறிப்பு என்பர். மூன்று கட்டளைகளுள் முதலிரண்டிற்கும் பொருள் வேண்டும். மூன்றாவதற்குக் காசு வேண்டியதில்லை. நம் வீடுகளில் மிகவும் அரிதாக நிறைவேற்றப்படுவது அந்த மூன்றாவதுதான். உண்ணக் கொடுக்கிறோம்; உடுக்கக் கொடுக்கிறோம்; பேசுவதில்லை. 'அவனுக்கு என்ன தெரியப் போகிறது?' என்கிறோம்.

எடிர்னேயைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் ஏர்வாடியைப் பற்றிப் பேசாதிருத்தல் நேர்மையாகாது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரைத் தங்கவைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. இருபத்தெட்டுப் பேர் மாண்டனர். அவர்களிற் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. அங்குள்ள தர்கா நிகழ்ந்த தீக்குக் காரணமன்று. அங்கு வரும் மக்களின் துயரத்தையும் நம்பிக்கையையும் நம்பிப் பிழைத்த தனியார் இல்லங்கள் பல இருந்தன, அவற்றுள் ஒன்றில் நேர்ந்தது அது. மாண்டவர்கள் பல சமயத்தார், பல ஊரார். உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டு, நூற்றுக்கணக்கான நோயாளர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்விதத்திலும் எவ்வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்திருக்கிறது.

கைவிடப்பட்ட பித்தர் இல்லம் என்று ஒன்றைக் காண எடிர்னே வரை போக வேண்டியதில்லை என்பதைச் சொல்லவே இதனைக் குறிப்பிட்டோம். அங்கே பொன்முலாம் பூசிய சங்கிலி. இங்கே முலாமில்லை. அங்கே வக்ஃபுப் பத்திரமும் மருத்துவரும் இருந்தனர். இங்கே குடும்பத்தார் அனுப்பிய மாதப் பணம் இருந்தது. அங்கு நோயாளியைக் கொண்டுவந்து சேர்த்தவர்களைக் காட்டிலும் இங்கு கொண்டுவந்து சேர்த்தவர்கள் கல்நெஞ்சர் என்று நாம் நினைக்கவில்லை. பெரும்பாலோர் எங்கெங்கோ அலைந்து, கையிலிருந்ததை விற்று, களைத்துப்போய் வந்த தாய் தந்தையர். களைத்தவரைப் பழிப்பது எளிது. அவர் களைத்துப்போகும்வரை ஊர் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பதே முறை.

ஊர் இரண்டில் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. சிலரைக் கண்டு, 'ஷைத்தான் பிடித்தவன்' என்று விலகியது. வேறு சிலரைக் கண்டு, 'மஸ்தான்' என்று கைகட்டி நின்றது. இறைக்காதலில் தம்மை மறந்த மெய்ஞ்ஞானியர் நம் மரபில் உண்டு. குணங்குடி மஸ்தான் சாகிபு போன்றோரின் பெயரை மரியாதையோடன்றி நாம் உச்சரிப்பதில்லை. ஆனால், நோயால் தன்னை மறந்த ஓர் இளைஞனைத் திண்ணையில் அமர்த்தி, அவன் உளறலில் நல்வாக்குத் தேடி, காசு வைத்து வணங்குவது அவனுக்கு இழைக்கும் மரியாதையன்று. அவனுக்கு வேண்டியது மருந்து. பழிப்பவரும் வணங்குபவரும் ஒரு வகையில் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். இருவருமே அவனை நோயாளி என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞர், உடலின் நலத்திற்கு ஒரு பகுதியும் உள்ளத்தின் நலத்திற்கு ஒரு பகுதியுமாக நூல் எழுதி, உடல் நோயுறுவது போலவே உள்ளமும் நோயுறும், அதற்கும் மருத்துவம் வேண்டும் என்று விளக்கினார். ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் ஆகிவிட்டன. ஏர்வாடியிலேயே பின்னர் 'தவா-துஆ' என்னும் பெயரில், தர்காவுக்கு வருவோர்க்கு அங்கேயே மனநல மருத்துவரின் மருந்தும் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. துஆவை விட்டுவிடச் சொல்லாமல் தவாவையும் பக்கத்தில் வைத்த அந்த ஏற்பாடு, பீமாரிஸ்தானைப் பள்ளிவாசலுக்கு அருகில் கட்டிய மரபுக்கு இசைவானதே.

நபி பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவில், அறிவில் ஏதோ குறை இருந்த ஒரு பெண்மணி இருந்தார். அவரைப் பற்றி அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. அப்பெண்மணி ஒருநாள் பெருமானாரிடம் வந்து, தங்களிடம் எனக்கு ஒரு தேவை இருக்கிறது என்றார். பெருமானார், எந்தத் தெருவை நீ விரும்புகிறாயோ அதைப் பார், உன் தேவையை முடித்துத் தருகிறேன் என்ற பொருள்பட விடையளித்து, வழியொன்றில் அவரோடு தனித்து நின்று, அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை இருந்தார்கள். அவர் என்ன சொன்னார் என்பது அந்த அறிவிப்பில் இல்லை. அவர் குணமடைந்தாரா என்பதும் இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடம் விடப்பட்டது என்பது இருக்கிறது. அவரை அழைத்துப்போக ஆளனுப்பவில்லை, அவர் பேச்சை இடையில் முறிக்கவில்லை என்பது இருக்கிறது. அப்பெண்மணியின் ஏட்டில் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருந்தது. அந்தத் தெருவில் நின்ற நேரம் எவருடைய ஏட்டில் எழுதப்பட்டது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வலீ இல்லாதவருக்குக் காஜியே வலீ என்பது சட்டம். நம் நாட்டின் இன்றைய நிலையில் அப்பொறுப்பின் பெரும்பகுதி மஹல்லா ஜமாஅத்தின் தலைமேல் விழுகிறது என்று நாம் கருதுகிறோம். ஜமாஅத்துகளின் பதிவேட்டில் அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் பக்கங்கள் உண்டு. இவர்களுக்கு ஒரு பக்கம் உண்டா? மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1950களுக்குப் பின் வந்த மருந்துகளைத் தவறாது உட்கொண்டால், அன்று அடைத்துவைக்கப்பட்டவர்களுள் பலர் இன்று வீட்டிலேயே இருந்து வேலைவெட்டி பார்க்க முடியும். தடையாக இருப்பது பெரும்பாலும் பேருந்துக் கட்டணம். உடன் செல்ல ஆளின்மை. மாதத்தில் ஒருநாள் கூலியை இழக்க முடியாத தந்தை. இத்தகைய ஏழை நோயாளிக்கு ஜக்காத்துக் கொடுக்கலாமா, அவர் கைநீட்டி வாங்கும் நிலையில் இல்லையே என்று சிலர் தயங்குகின்றனர். தயங்க வேண்டியதில்லை. வலீ அவர் சார்பில் பெற்றுக்கொள்வது செல்லும் என்று சட்டநூல்கள் தெளிவாகவே கூறுகின்றன. பெற்றுக்கொண்டதை நோயாளியின் பொருட்டே செலவிடவேண்டும். அதற்குக் கணக்கு வைப்பது வலீயின் கடமை.